4,500-இல் ஒன்று

கடிதம் எழுதியிருப்பவர் 47 வயதுப் பெண். ஈரோடு மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கராக இருக்கிறார். கணவருக்கு விசைத்தறித் தொழில். மகன் கோவையில் அறை எடுத்துத் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறார். கல்லூரிக்கு பைக்கில் போய்வருகிறார். மகள் பிளஸ் டூ. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் எழுதியதன் சுருக்கம் இது:

"காலையில் தம்பி (மகன்) கிளம்பிவிட்டான் என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். போய்ச் சேர்ந்தேன் என்று மெசேஜ் வரும்வரை ஒரு வேலையும் ஓடாது. வராவிட்டால் போன் போட்டுக்கொண்டே இருப்பேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அது முடிந்தால் கேஸை மூடினேனா, தணிக்கையில் ஏதாவது தப்பு வந்துவிடுமா, பாப்பாவுக்கு மார்க் குறைந்துவிடுமா என்று நாளைக்குக் குறைந்தது ஐந்தாறு பயம். ராத்திரி மூன்று மணிக்கு விழித்தால் அவ்வளவுதான், பிறகு தூக்கமே வராது. எல்லோரும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். ஆனால் இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், ஊரில் இருக்கும் அப்பா விழுந்துவிடுவார் என்று மனதில் பட்டது. அன்று சாயங்காலமே போன் வந்தது. பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அன்றிலிருந்து மனதில் தோன்றுவதை அலட்சியப்படுத்தவே பயமாக இருக்கிறது. நான் இப்படிக் கவலைப்படுவதால்தான் மற்றது எதுவும் நடக்காமல் இருக்கிறதோ என்றுகூடத் தோன்றுகிறது. எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு டாக்டர் தூக்கத்துக்குப் பத்து நாள் மாத்திரை எழுதிக்கொடுத்தார் (அல்பிரசோலம் 0.25). அந்தப் பழைய சீட்டையே காட்டி இன்றுவரை வாங்கிப் போடுகிறேன். மனநல மருத்துவரிடம் போகலாம் என்றால், நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அது ஒரு பேச்சாகிவிடுமோ என்று தயக்கம். நான் என்ன செய்ய?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'நான் கவலைப்படுவதால்தான் மற்றது எதுவும் நடக்காமல் இருக்கிறதோ' என்ற வரி. இதை எனக்கு எழுதவே உங்களுக்கு நிறையத் துணிவு வேண்டியிருந்திருக்கும். என் அறைக்கு வருகிறவர்களில் பலர் மூன்றாவது, நான்காவது சந்திப்பில்தான் இதை வாய்விட்டுச் சொல்வார்கள். பயத்தை விட்டுவிட முடியாமல் உங்களைப் பிடித்து வைத்திருப்பது இந்த எண்ணம்தான். எனவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் கணக்கர். வாருங்கள், கணக்குப் போடுவோம். நாளைக்கு ஐந்து பயம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். இரண்டரை வருஷம் என்பது சுமார் 900 நாள். மொத்தம் 4,500 பயங்கள். அதில் நடந்தது என்று நீங்கள் பேர் சொல்லிக் காட்டுவது ஒன்றே ஒன்று. நினைவில் நிற்காத சின்னச் சின்னது இன்னும் நூறு நடந்திருக்கும் என்றே வையுங்கள், மகளுக்குக் காய்ச்சல் வந்தது, கரண்ட் பில் கட்ட மறந்தது என்று. அப்போதும் மீதி 4,399 எங்கே போயிற்று? உங்கள் சங்கத்தில் ஒருவர் 4,500 வரவு வவுச்சர்களில் ஒன்றை மட்டும் லெட்ஜரில் ஏற்றிவிட்டு மற்றதைக் குப்பையில் போட்டால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? மனது அதைத்தான் செய்கிறது. பலித்ததைச் சிவப்பு மையில் எழுதி வைக்கிறது. பலிக்காததை எழுதுவதே இல்லை. ஏனென்றால் 'தம்பி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான்' என்பதில் நினைவில் வைக்க என்ன இருக்கிறது?

இதை உண்மையிலேயே எழுதி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூகாஸ் லாஃப்ரெனியர், மிஷெல் நியூமன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு அது. கவலை கட்டுக்கடங்காமல் நீண்டுகொண்டே போகும், பொதுப் பதற்றக் கோளாறு என்று நாங்கள் சொல்லும் நிலையில் இருந்த 29 பேர். அவர்கள் பத்து நாட்கள், நினைவூட்டல் வரும்போதெல்லாம், அந்த நேரத்தில் மனதில் ஓடும் கவலையை எழுதினார்கள். ராத்திரி அதை எடுத்துப் படித்தார்கள். அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று 30 நாட்கள் வரை கவனித்துக் குறித்தார்கள். முடிவில் 91.4 சதவீதக் கவலைகள் நடக்கவே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கெடுத்தபோது அதிகம் பேருக்கு வந்த எண் என்ன தெரியுமா? நூறு. அதாவது எழுதியதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

உங்களிடம் எதையும் மறைத்துத் தேற்ற நான் விரும்பவில்லை. இது சிறிய ஆய்வு, 29 பேர்தான். ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடக்கூடிய கவலைகளைத்தான் சரிபார்க்க முடிந்தது. 'வயதான காலத்தில் என்ன ஆவோம்' என்பதை முப்பது நாளில் சரிபார்க்க முடியாது. மேலும் 91.4 என்பது நூறு அல்ல. சில பயங்கள் நடக்கத்தான் செய்யும். உங்கள் அப்பா விழுந்தார், அது உண்மை. நான் சொல்ல வருவது வேறு. அந்த 29 பேரும் 'இது நடக்க இவ்வளவு வாய்ப்பு' என்று மனதில் போட்டு வைத்திருந்த மதிப்பு, உண்மையில் நடந்ததைவிட மிக அதிகம். அதைவிட முக்கியம், தன் கவலை பொய்த்ததை யார் அதிகம் கண்ணால் கண்டார்களோ அவர்களுக்குத்தான் பதற்றமும் அதிகம் குறைந்தது. நூறு பேர் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லிக் குறையாதது, தன் கையெழுத்தைத் தானே படித்ததில் குறைந்திருக்கிறது.

அப்பா விழுந்த அன்று

அப்பாவின் வயது நீங்கள் எழுதவில்லை. ஆனால் மூட்டுவலியோடு நடக்கிறவர், ஊரில் பழைய வீடு, வெளியில் இருக்கும் பாத்ரூம் என்று கடிதத்தின் வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் வழுக்கி விழக்கூடும் என்று மகளுக்குத் தோன்றுவது முன்கூட்டியே தெரிகிற சக்தி அல்ல, சரியான கவனிப்பு. அன்று காலையில் மட்டும்தான் தோன்றியதா என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்திலும் தோன்றியிருக்கும். அன்று விழவில்லை, அதனால் அந்த நாள் நினைவில் இல்லை.

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிய இன்னொன்றும் உண்டு. போன் வந்ததும் அரை மணி நேரத்தில் வண்டி பிடித்தீர்கள். ஆபரேஷனுக்கு நகையை வைத்துப் பணம் புரட்டினீர்கள். பன்னிரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் பெஞ்சில் படுத்தீர்கள். அப்பா இப்போது வாக்கரோடு நடக்கிறார். இந்த விவரங்களை எல்லாம் ஒரே வாக்கியத்தில், பேருந்து டிக்கெட் விலை சொல்கிற மாதிரி கடந்துபோயிருக்கிறீர்கள். 'நடந்தால் நான் தாங்கமாட்டேன்' என்று இரண்டரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, நடந்தபோது நீங்கள் தாங்கினீர்கள். பன்னிரண்டு ராத்திரியும் தாங்கினீர்கள். 'பயந்தது நடந்தது' என்பது ஒரு கணக்கில் ஏறியிருக்கிறது. 'நடந்ததை நான் சமாளித்தேன்' என்பது எங்கேயும் ஏறவே இல்லை.

பயம் ஏன் காவலாளி வேஷம் போடுகிறது

தம்பி போனை எடுக்கவில்லை. பதறுகிறீர்கள். ஏழாவது தடவை எடுத்து "கிளாஸ்ல இருந்தேன்ம்மா" என்கிறான். அப்பாடா என்று இருக்கிறது. அந்த 'அப்பாடா'தான் சிக்கல். இத்தனை பதறியதற்கும் அவன் பத்திரமாக இருப்பதற்கும் மனது ஒரு முடிச்சுப் போட்டுவிடுகிறது. நாளைக்கு அதே பதற்றத்தைக் கேட்கிறது. பதறாமல் இருந்த நாளிலும் அவன் பத்திரமாகத்தான் இருப்பான் என்பதைக் காண, பதறாத நாள் ஒன்று வேண்டுமே! அது உங்களுக்கு வாய்க்கவே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மேலே சொன்ன நியூமன், சாண்ட்ரா லெரா என்பவரோடு சேர்ந்து 2011-இல் எழுதிய விளக்கம் அது. சிலருக்குத் துக்கத்தைவிட, நிம்மதியாக இருக்கும்போது திடீரென்று துக்கம் வருவதுதான் தாங்க முடியாதது. அதனால் எப்போதும் கொஞ்சம் பதற்றத்திலேயே இருந்துவிடுகிறார்கள், விழுந்தால் உயரத்திலிருந்து விழவேண்டாமே என்று தரையிலேயே உட்கார்ந்திருப்பதுபோல. 'ரொம்பச் சிரிச்சா அழ வேண்டியிருக்கும்' என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்ப்பார்களே, அதுவும் இதுதான். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கவலை வேறு, முன்னெச்சரிக்கை வேறு. இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாக்கிக் குழம்பியிருக்கிறீர்கள். முன்னெச்சரிக்கைக்கு முடிவு உண்டு. பாத்ரூமில் கைப்பிடி பொருத்தினால் அந்த வேலை முடிந்தது. தம்பி ஹெல்மெட் போடுகிறானா, பிரேக் பார்த்தானா, மழையில் மெதுவாகப் போகிறானா என்று உட்காரவைத்து ஒருமுறை பேசினால் அது முடிந்தது. கவலைக்கு முடிவு கிடையாது. அது எதையும் தடுப்பதும் இல்லை. கொஞ்சம் கண்டிப்பாகவே இதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஏழு தடவை போன் அடிப்பது அவனுடைய ஆபத்தைக் கூட்டும். பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளைக்குக் கவனம் சாலையில் நிற்கும்? 'போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு மெசேஜ், மறந்தால் பத்தரை இடைவேளையில். அதுவரை நான் கூப்பிடமாட்டேன்' என்று அவனோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும். இரண்டாவது வாரம் கொஞ்சம் குறையும்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். செல்போனில் வேண்டாம், கையால் எழுதுங்கள். ஸ்கேல் வைத்து ஐந்து பத்தி கோடு போடுங்கள்: தேதியும் நேரமும், என்ன பயம், எத்தனை சதவீதம் நடக்கும் என்று இப்போது தோன்றுகிறது, என்ன நடந்தது, நடந்திருந்தால் எப்படிச் சமாளித்தேன். உதாரணத்துக்கு உங்கள் கடிதத்தில் இருப்பதையே எழுதிக் காட்டுகிறேன்.

செவ்வாய், காலை 8.50. தம்பி போன் எடுக்கவில்லை, விபத்து ஆகியிருக்கும். மதியத்துக்குள் தெரியும். 70.

நான்காவது பத்தியை மதியம் நிரப்புங்கள்: போன் சைலண்டில் இருந்தது, கிளாஸ்.

'ஏதோ கெட்டது நடக்கப்போகிறது' என்று எழுதாதீர்கள். அது தேதி போடாத வவுச்சர், எந்தக் காலத்திலும் சரிபார்க்க முடியாது. என்ன, யாருக்கு, எப்போதைக்குள் என்று இருக்க வேண்டும். அப்படி எழுத உட்காரும்போதே சில பயங்கள் எழுத ஒன்றுமில்லாமல் கரைந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். நடந்துவிட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள், ஐந்தாவது பத்தி அதற்காகத்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை, பேங்க் ஸ்டேட்மென்ட் ஒத்துப்பார்ப்பதுபோல உட்கார்ந்து, மொத்தம் எத்தனை, நடந்தது எத்தனை என்று கூட்டுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு தயக்கம் வரும், தெரியும். விளக்கு வைக்கிற நேரத்தில் அமங்கலமாகப் பேசினால் ததாஸ்து தேவதைகள் 'அப்படியே ஆகட்டும்' என்றுவிடுவார்கள் என்று உங்கள் அம்மா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்கு விபத்து என்று கையால் எழுத எந்தத் தாய்க்கும் பேனா நடுங்கும். அம்மாவின் சொல்லை மீறச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தமாட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அலுவலகத்தில், கணக்கு எழுதும் மேஜையிலேயே எழுதுங்கள். முதல் இரண்டு நாள் சின்னப் பயங்களோடு தொடங்குங்கள்: பால் திரிந்துவிடும், பஸ் தவறிவிடும். எழுதியதால் எதுவும் நடந்துவிடவில்லை என்று கண்ட பிறகு பெரியவற்றுக்கு வாருங்கள். 4,500 முறை மனதுக்குள் சொல்லியே நடக்காதது, மையால் எழுதினால் நடந்துவிடாது.

நாளின் மற்ற நேரத்தில் பயம் வந்தால், 'குறித்துக்கொண்டேன், சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பார்க்கிறேன்' என்று தள்ளிவையுங்கள். கவலைக்கென்று தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி ஒதுக்கும் இந்த முறையை தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் குழு 1983-லேயே முயன்று பார்த்தது. படுக்கையில் மட்டும் அந்த அரை மணியை வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மணிக்கு விழித்தால், புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். தூக்கம் சொக்கும்போது வந்து படுங்கள். மதியத்துக்குப் பிறகு காபியைக் குறைத்தாலே படபடப்பு ஓரளவு தணியும்.

மாத்திரையைப் பற்றி, அவசரமாக

நாளையே நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அல்பிரசோலம் சில நாட்களுக்கு, சில வாரங்களுக்கு என்று கொடுக்கப்படுவது. எட்டு மாதம் போட்டால் உடல் அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமான பதற்றம், தூக்கமின்மை, கை நடுக்கம் வரலாம். சிலருக்கு வலிப்பேகூட வரும். மருத்துவர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இது கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச்1 பட்டியலில் உள்ளது, விற்பதைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். பழைய சீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பது உங்களுக்குச் செய்கிற உபகாரம் அல்ல.

'மனநல மருத்துவரிடம் போனால் வாழ்நாள் முழுக்க மாத்திரைதான்' என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அது சரியல்ல. உங்கள் நிலைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சையே நன்றாகப் பலன் தரும். பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து அமர்வு. மேலே சொன்ன நோட்டு அந்த மரபில் வந்ததுதான். தேவைப்பட்டால் எஸிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மருந்துகள் உண்டு. அவை அல்பிரசோலம்போல உடனே அமுக்குபவை அல்ல, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அவற்றுக்கு அடிமையாவதும் இல்லை. ஆனால் அவற்றையும் நினைத்த நாளில் நிறுத்தக்கூடாது.

பெரும்பாலான நாட்களில், ஆறு மாதத்துக்கும் மேலாக, கட்டுப்படுத்த முடியாத கவலையும் அதோடு தூக்கக் கேடு, களைப்பு, எரிச்சல், தசை இறுக்கம், கவனமின்மை, ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாமை ஆகியவற்றில் குறைந்தது மூன்றும் இருந்தால் பொதுப் பதற்றக் கோளாறு என்று யோசிப்போம். உங்களுக்கு அது பொருந்துவதுபோலத் தெரிகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமாட்டேன். முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்; மாதவிடாய் நிற்கும் வயது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்றுமே படபடப்பைத் தரும். நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு வலி வந்தால் அதைப் பதற்றம் என்று தள்ளிவிடாமல் உடனே காட்டுங்கள். கேஸை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது சரி. எண்ணிக்கை வைத்துப் பத்துமுறை பார்த்தால்தான் நகர முடிகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்குச் சிகிச்சை வேறு.

மகள் கல்யாணப் பேச்சு

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பதை உங்கள் உரிமையாக வைத்திருக்கிறது. 23-ஆவது பிரிவு. உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவர் வெளியில் சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. உள்ளூரில் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்றால் பக்கத்து மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் போகும் துணிவு வரும்வரை 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை, ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள். எப்போதாவது 'இருந்தென்ன' என்ற எண்ணம் தலைகாட்டினால் அதே எண்ணுக்கு அப்போதே கூப்பிடுங்கள்.

உங்கள் கணவர் 'உனக்கு வேற வேலையில்லையா' என்கிறார் என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றே நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கணக்குக் கூட்டும்போது அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பதறும் நேரத்தில் 'ஒன்றும் ஆகாது' என்றோ, 'சும்மா இரு' என்றோ சொல்ல வேண்டாம்; 'நோட்டில் எழுதிவிட்டாயா?' என்று மட்டும் கேட்கட்டும்.

இந்த வாரத்துக்குள் ஒரு நாள் அரை நாள் லீவு போடுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையையும், அதற்குள் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் அந்த நோட்டையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.